படுத்து ஓட்டும் சைக்கிளும் பத்து விரல்களும்

— காலை ஆட்டாதீங்க, சச்சி சார். அளவு தப்பிடும்.

— நான் எங்கை ஆட்டுறன், பாமா? அது தன்பாட்டிலை நடுங்குது. சைக்கிளிலை மல்லாந்து படுத்துக்கொண்டு, உங்கட வீட்டு முற்றத்திலை அரை மணித்தியாலமாக் காலை நீட்டிக்கொண்டிருக்கிறன். பஸ்ஸிலை போற சனம் எட்டி எட்டிப் பாக்குது.

— பாக்கட்டும். கட்டை விரல் எங்க இருக்கு? இங்கயா?

— எனக்கெப்பிடித் தெரியும்? காலமை வெளிக்கிடேக்கை இருந்தது.

— சிரிக்காதீங்க சார், எனக்கும் சிரிப்பு வருது, டேப் நழுவுது. இன்னைக்கு மத்தியானம் ஆள் வருதுன்னு ஞாபகம் இருக்கா?

— மறப்பனே? இல்ஃபோர்ட்டிலை இருந்து ஒருத்தன் வான் வண்டியோடை வாறானாம், சைக்கிளை ஏத்திக்கொண்டு போக. மகள் கஜந்தினி நேர்ஸ் எல்லோ. நான் வீட்டை போன உடனை சப்பாத்தைக் கழட்டி, விரலை அமத்திப் பாப்பாள். வெள்ளையாக் கிடந்தால் சைக்கிள் வான்காரனுக்கு. சிவந்தால் எனக்கு. அதுதான் ஒப்பந்தம்.

— சைக்கிள் வாங்கச் சொன்னதே அவதானே?

— ஓம். தாய் செத்தாப் பிறகு நான் வீட்டுக்குள்ளையே கிடக்கிறன் எண்டு அவள்தான் வேண்டச் சொன்னவள். இப்ப ஒவ்வொரு ஞாயிறும் விரல் மெழுகுதிரி மாதிரித் திரும்பி வருது எண்டு அவளே விக்கச் சொல்லுறாள்.

— டாக்டர் பார்த்தாரே, என்ன சொன்னார்?

— சீனி வருத்தம் இல்லை, நரம்பு நல்லம், ரத்த ஓட்டம் நல்லம். இந்த வயசிலை இப்பிடி ஒரு சோடிக் கால் கிடைக்காதாம்.

— அப்ப கோளாறு கால்ல இல்ல, வண்டியில. அந்த வண்டிய உங்களுக்கு வித்தது நான். ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர் வித்த வண்டியில ஒருத்தருக்குக் கால் விறைச்சுப் போச்சுன்னா என் மானம் என்னாகிறது?

— உங்கட மானத்தைக் கொண்டுவந்து ஏன் என்ர சின்ன விரலிலை கட்டுறியள்?

— கேளுங்க. சாதாரண சைக்கிள்ல கால் கீழ தொங்கும், ரத்தம் தானா இறங்கிடும். இதுல நீங்க சாய்ஞ்சு படுத்திருக்கீங்க. பாதம் ரெண்டும் முன்னாடி, கிட்டத்தட்ட நெஞ்சு உயரத்துல. ரத்தம் அங்க போய்ச் சேரவே சிரமப்படணும். அதுக்கு மேல, எதிர்க்காத்து முதல்ல மோதுறது உங்க உள்ளங்கால்லதான். ஊர்வலத்துல கொடி பிடிச்சுட்டு முன்னாடி போறாங்க பாருங்க, அந்த மாதிரி உங்க பாதம் போகுது.

— அப்ப பின்னாலை நான் தேர் மாதிரி வாறன்.

— ஆமா, வேகமும் அதே வேகம்தான்.

— உது நக்கல்.

— அடுத்தது ஷூ. திருப்புங்க. அடியில என்ன?

— இரும்புத் துண்டு. பெடலிலை 'டக்' எண்டு பூட்டுறதுக்கு நீங்கள்தான் போட்டுத் தந்தனீங்கள்.

— அதான் முதல் திருடன். விரலுக்கு நேர் கீழ உக்காந்து உங்க சூட்டையெல்லாம் உறிஞ்சி வெளிய விடுது. சரி, உள்ள என்ன போட்டிருக்கீங்க?

— மேசு.

— சாக்ஸா?

— ஓம், நீங்கள் சாக்ஸ் எண்டுவியள். மூண்டு சோடி. அதுக்கு மேலை பாண், அதுதான் உங்கட பிரெட், வாற பிளாஸ்டிக் பை. அதுக்கும் மேலை புரியாணி சுத்தி வந்த ஈயத்தாள்.

— ஈயத்தாளா! கழுவினீங்களா?

— ஒரு பக்கம்.

— கடவுளே! அதான் ஒரு நாய் உங்க பின்னாடியே ஓடி வந்துச்சா?

— பின்னாலை இல்லை, முன்னாலை. கால்தானே முன்னுக்குப் போகுது.

— இருங்க... மூச்சு விட்டுக்கறேன்... வயிறு வலிக்குது. சரி. சார், மூணு சாக்ஸ் போட்டா ஷூ இறுகும். இறுகினா ரத்தம் வராது. ரத்தம்தான் ஹீட்டர். நீங்க ஹீட்டரை அணைச்சிட்டுப் போர்வைக்கு மேல போர்வை போத்துறீங்க. ஒரே ஒரு கம்பளி சாக்ஸ், ஒரு சைஸ் பெரிய ஷூ. உள்ள விரல் பியானோ வாசிக்கணும். சிம்பிள்.

— அப்ப இரும்பும் வேண்டாம், பூட்டும் வேண்டாம். சாதாரண பெடலைப் போடுங்கோ. என்ர பெரிய பனிச் சப்பாத்தோடை மிதிச்சுக்கொண்டு போறன்.

— ஐயோ, கூடவே கூடாது! இதுல பெடல் உங்களுக்கு நேர் எதிர்ல நிக்குது. பாதத்தைத் தாங்க அடியில ஒண்ணும் இல்ல. ஒரு குழியில குலுங்கினா கால் வழுக்கி ரோட்ல விழும். வண்டி நிக்குமா? போய்க்கிட்டே இருக்கும். உங்க காலை உங்க வண்டியே அடியில இழுத்துக்கும்.

— என்ர காலிலை என்ர சைக்கிளே ஏறுமோ? கஜந்தினிக்கு மட்டும் இதைச் சொல்லிப்போடாதையுங்கோ.

— அதனாலதான் இது. கையில வாங்கிப் பாருங்க. அகலமான பெடல். பின்னாடி குதிகாலுக்கு ஒரு கிண்ணம், மேல ஒரு பட்டை. குதிகால் கிண்ணத்துல உக்காந்துக்கும், எங்கயும் போகாது. இரும்பு வேணாம். எந்த ஷூ வேணா போடலாம். உள்ள ரோமம் வெச்ச பூட்ஸ் போட்டீங்கன்னா லேஸ் கூடக் கிடையாது. காலை விட்டா உள்ள போகும், உதறினா வந்துடும். என் வண்டியில நான் குளிர்காலம் பூரா இதாலதான் ஓட்டுறேன்.

— சோக்கான சாமான். ஏன் இதை எனக்கு முந்தியே போடேல்லை?

— நீங்கதானே அந்த 'டக்' சத்தம் பிடிச்சிருக்குன்னீங்க!

— ஓம், அது நல்ல சத்தம்தான்.

— ஆனா ஒரு விஷயம் மட்டும் எனக்கு இடிக்குது. மிட்சம்ல உங்க வீட்ல இருந்து இங்க வர எவ்வளவு நேரம்?

— இருவது நிமிசம். சிவப்பு லைற் பிடிச்சால் இன்னும் கொஞ்சம்.

— அதான். இந்தக் குளிருக்கு இருபது நிமிஷத்துல விரல் மெழுகுவர்த்தி ஆகாது. காத்து, இரும்பு, இறுக்கம் எல்லாத்தையும் கூட்டிப் பார்த்துட்டேன், கணக்கு உதைக்குது. வழியில எங்கயாவது நிக்கிறீங்களா?

— ஏன் நிக்கிறன்? நேரை இஞ்சைதான்.

— வீட்ல இருந்து கிளம்பும்போது விரல் எப்படி இருந்துச்சு?

— நல்ல சூடு.

— மிட்சம் காமன் புல்வெளி தாண்டும்போது?

— சூடுதான்.

— பொலார்ட்ஸ் ஹில் ஏத்தத்துல?

— வேர்த்தது.

— இந்தத் தெருவுக்குள்ள திரும்பும்போது?

— பத்தும் துள்ளிக்கொண்டு வந்தது.

— அப்ப எங்கதான் சார் விறைக்குது?

— உதை விடுங்கோ. பெடலைப் பூட்டுங்கோ.

— காரணம் தெரியாம ஒரு ஸ்க்ரூ கூடத் திருப்ப மாட்டேன். அங்க வேன் கிளம்பியிருக்கும். சொல்லுங்க.

— சிரிப்பியள்.

— சிரிக்க மாட்டேன்.

— இஞ்சை. உங்கட வாசல் கல்லிலை.

— வாசல்லயா?

— ஒவ்வொரு ஞாயிறும் வாறன். நீங்கள் கதவைத் திறப்பியள். பிரேக்கிலை ஒரு சத்தம் எண்டு சொல்லுவன். பிரேக் எப்பிடிப் பிடிக்குது எண்டு நீங்கள் தொடங்குவியள். பேந்து சங்கிலி. பேந்து கியர். ஐஸ் மாதிரிக் கல்லிலை, இந்த இரும்புச் சப்பாத்தோடை, ஒண்டரை மணித்தியாலம் நிண்டு கேக்கிறன். போன கிழமை டயருக்கு எவ்வளவு காத்து எண்டதுக்கே முக்கால் மணித்தியாலம் போச்சு.

— அந்தப் பிரேக் சத்தம் எனக்கு ஒரு தடவை கூடக் கேக்கலையே!

— இல்லாத சத்தம் எப்பிடிக் கேக்கும்?

— சார்!

— சிரிக்க மாட்டன் எண்டனீங்கள்.

— சிரிக்கல. நான் பேசுறதை யாரும் இவ்வளவு நேரம் கேட்டதில்ல. ஆபீஸ்ல நான் 'பாருங்க'ன்னு ஆரம்பிச்சாலே லன்ச்சுக்குக் கிளம்பிடுவாங்க. வீட்டுலயும் கேக்க ஆளில்ல, நான் ஒருத்திதான்.

— நான் கியர்க் கதையை ரெண்டுதரம் கேட்டிருக்கிறன்.

— அதுக்குன்னு குளிர்ல நிப்பாங்களா? ஷூவைக் கழட்டி வெச்சிட்டு உள்ள வந்து உக்காந்து கேக்க வேண்டியதுதானே! ஈயத்தாள் வெளிய தெரியும்னு வெக்கமா?

— ஈயத்தாள் போன கிழமைதான் தொடங்கினது.

— அப்புறம் என்ன? முதல் நாளே உள்ள வாங்க, டீ குடிக்கலாம்னு கூப்பிட்டேன். 'இல்லை, வேண்டாம்'னு நீங்கதான் சொன்னீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வேண்டாம்னு சொல்றவரை வற்புறுத்தக் கூடாதுன்னு நானும் விட்டுட்டேன்.

— பாமா, எங்கட ஆக்கள் ஒருக்காக் கேட்ட உடனை ஓம் எண்டு சொல்லுறேல்லை, அது மரியாதை இல்லை. நீங்கள் ரெண்டாந்தரம் கேப்பியள் எண்டுதான் ஒக்டோபரிலை இருந்து நிக்கிறன்.