பிளந்த சட்டத்துக்குப் பொறுப்பேற்றவருக்கு

முப்பத்தோராண்டு பியானோவின் வயிற்றுக்குள் குனிந்து குனிந்து முதுகு வலித்தவரே! திருப்புளி பிடித்துக் கட்டைவிரல் காய்த்தவரே! பட்டறையே 'பசையண்ணன்' என்று பாசமாய் அழைக்க, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் மூத்தவரே, வணக்கம்!

பழைய பியானோவில் சுத்தியல்களைத் தாங்கும் மரச்சட்டம் வறண்டு, துளையின் மரை தேய்ந்து, திருகாணி பிடிப்பில்லாமல் சும்மா சுற்றும். பழுதென்று பிறர் ஒதுக்கிய அந்தச் சட்டத்தைப் பக்குவமாய் எடுத்து மேசையில் வைப்பீர்கள். தேய்ந்த துளையை அகலப்படுத்தி, கெட்டி மரத்தில் குச்சி சீவி, பசை தோய்த்து இறக்கி, ஒரு முழு நாள் தொடாமல் விட்டு, பிறகு மெல்லிய துளை போட்டு, இரண்டே விரலால் திருகாணியை முடுக்குவீர்கள். எண்பத்தெட்டுச் சுத்தியலுக்கும் அதே பொறுமை! "இன்னும் எவ்வளவு நேரம்ணே?" என்று அவசரப்படுத்தினால், "பசைகிட்ட கேளு" என்பீர்கள். உங்களிடம் திட்டு வாங்காதவர் இங்கே இல்லை. திட்டிய கையோடு நீங்கள் நீட்டும் பாதித் தேநீரை வாங்கிக் குடிக்காதவரும் இல்லை.

ஆறாண்டுக்கு முன், இசைப்பள்ளிப் பியானோவைப் பாதியில் விட்டு இரண்டு நாள் படுக்கையில் கிடந்தீர்கள். அது வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். பசை காயும்வரை காத்திருக்க எங்களுக்குப் பொறுமையில்லை. மீதித் துளைகளில் தடித்த திருகாணியை ஏற்றினோம். நன்றாகத்தான் பிடித்தது, மார்தட்டிக்கொண்டோம். மறுநாள் காலை சட்டம் நீளவாக்கில் பிளந்து கிடந்தது.

"யார் பார்த்த வேலை இது?" என்றார் முதலாளியம்மா. நாங்கள் ஐவரும் தரையைப் பார்த்தோம். இடுப்பைப் பிடித்தபடி அப்போதுதான் உள்ளே வந்த நீங்கள், "தடிச்சத ஏத்தச் சொன்னது நான்தாம்மா" என்றீர்கள். அவர் போனதும் எங்களிடம், "அறிவிருக்காடா? எரும மாதிரி நிக்காம பசையச் சுட வைங்க" என்றீர்கள். அவ்வளவுதான். அன்றோடு கச்சேரி மண்டபத்துப் பியானோக்களை முதலாளியம்மா உங்களிடம் தருவதை நிறுத்திவிட்டார். ஒருநாள்கூட அதை நீங்கள் சொல்லிக்காட்டியதில்லை.

முன்வரிசையில் வீற்றிருக்கும் முதலாளியம்மா அவர்களே! தடித்ததை ஏற்றும்படி அண்ணன் எங்களிடம் சொல்லவே இல்லை. பிளந்தது எங்கள் கை.

அண்ணே! நோயற்ற உடலோடும் நிறைந்த மனத்தோடும் நூறாண்டு வாழுங்கள். அண்ணியார் பரிமாறச் சூடாய் உண்டு, பகலிலும் படுத்துறங்குங்கள்! எங்களோடு உழைத்ததற்கு நன்றி. எங்களைக் காட்டிக்கொடுக்காததற்கு அதைவிடப் பெரிய நன்றி. உண்மையை இன்று சொல்லிவிட்டோம். ஆனால் ஆறாண்டு கச்சேரி மண்டபத்துப் பியானோ வேலையை உங்களிடமிருந்து பறித்தோமே, அது கடன். அதைத் தீர்க்க எங்களிடம் ஒன்றுமில்லை.

இங்ஙனம்,
பட்டறைப் பணியாளர்கள் ஐவர்