கல்லுமலைத் தோட்டத்தில் லாரியை மறித்தது குறித்து மீரா சாகிபு சொன்னது

ஜப்பானிய வருஷம் 2603, அதாவது 1943, செப்டம்பர் மாதம் 10-ந் தேதி வெள்ளிக்கிழமை, சுங்கை பட்டாணியில் இன்ஸ்பெக்டர் முன்னிலையில் எழுத்தர் பழனியாண்டியால் தமிழில் பதிவு செய்யப்பட்டது.

என் பெயர் மீரா சாகிபு. தகப்பனார் பெயர் கச்சி முகம்மது. வயது நாற்பத்தாறு. பிறந்த ஊர் நாகூர். கெடாவுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ரயில் ஸ்டேஷனுக்கு எதிர்வரிசையில் கோப்பிக் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னாலேயே மனைவி கமருன்னிசாவுடன் குடியிருக்கிறேன். இதற்கு முன் எந்த வழக்கிலும் பிடிபட்டதில்லை.

பொய்ச் செய்தி பரப்பி சயாமுக்கு ஆள் சேர்ப்பதைக் கெடுத்தேன் என்றும், இன்று காலை கல்லுமலைத் தோட்டத்தில் லாரியை மறித்தேன் என்றும் என்மேல் குற்றம் சொல்லப்படுகிறது. லாரியை மறித்தது உண்மை. செய்தி பொய் அல்ல.

போன மாதம் ஒரு நாள் காலையில் கடைக்குப் பின்னால் விறகு எடுக்கப் போனபோது, அங்கே சாக்குத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு ஆள் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். பிழைப்பற்றவன் என்று எண்ணி அவித்த மரவள்ளிக்கிழங்கு கொடுத்தேன். அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "நானா, நான் அய்யாவு. கல்லுமலை. சம்பள நாளுல உங்க கடையில ரொட்டி திம்பேனே" என்றான். அய்யாவை எனக்கு நன்றாகத் தெரியும். மெர்போக் பக்கம் கல்லுமலைத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவன். தோட்டத்துக் கோயிலில் தப்பு அடிப்பவன். வாசலில் நின்றால் கடைக்குள் வெளிச்சம் குறையும், அவ்வளவு பெரிய ஆள். பங்குனித் திருவிழா முடிந்த கையோடு சயாமுக்கு ரயில் பாதை போட அழைத்துப் போனவர்களில் அவனும் ஒருவன். என் முன்னால் இருந்தவனிடம் அந்தக் குரலைத் தவிர அய்யாவு என்று சொல்ல ஒன்றும் இல்லை. இடது காலில் முழங்காலுக்குக் கீழே துணி சுற்றியிருந்தான்.

அதன் பிறகு அவனை உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம். என் மனைவி வெந்நீர் வைத்து அந்தக் காலைக் கழுவினாள். இந்த விவகாரத்தில் அவள் செய்தது அது மட்டுமே. நோயாளியின் காலைக் கழுவியது குற்றமானால் அதையும் எழுதிக்கொள்ளலாம்.

அய்யாவு எனக்குச் சொன்னதைச் சொல்லத் தொடங்கியபோது, அது கேள்விப்பட்டது, எழுத வேண்டியதில்லை என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். அதை எழுதாவிட்டால் மேற்கொண்டு பேச மாட்டேன் என்று நான் சொன்னேன். ஆகையால் எழுதப்படுகிறது.

மூன்று மாத வேலை, அரிசியும் துணியும் கிடைக்கும் என்று சொல்லி அவர்களைச் சாமான் ஏற்றும் இரும்பு ரயில் பெட்டிகளில் ஏற்றினார்கள். பெட்டியில் உட்கார இடமில்லை. சயாமில் இறக்கிய பிறகு மழையில் காட்டு வழியே நடத்திக் கூட்டிப் போனார்கள். விழுந்தவர்களை எடுக்க விடவில்லை. மூங்கில் கொட்டகைகளுக்குக் கூரை முழுதாக இல்லை. மூங்கில் கீறிய காயம் புண்ணாகி எலும்பு வரை போனது. காய்ச்சலில் எழாதவர்களையும் அடித்து வேலைக்கு எழுப்பினார்கள். அதன் பிறகு வாந்திபேதி வந்தது. செத்தவர்களைக் குழியில் போட்டுக் கொளுத்தும்போது, இன்னும் சாகாதவர்களையும் சேர்த்துப் போடச் சொன்னார்கள். மாட்டேன் என்றவர்களை அடித்தார்கள். கல்லுமலை ஆட்கள் ஒரே கொட்டகையில் இருந்தார்கள். கடைசியில் அந்தக் கொட்டகையில் அய்யாவு ஒருவன்தான் எழுந்து நடக்கிற நிலையில் இருந்தான். அவன் ஓடிவிட்டான். சயாம்காரர்கள் சிலர் சோறு போட்டார்கள். அரிசி மூட்டை ஏற்றி வந்த ரயிலில் ஒளிந்து இங்கே வந்து சேர்ந்தான். அவன் சொன்னது இவ்வளவு அல்ல. நான் சொல்லக் கூடியது இவ்வளவு.

இதைக் கேட்ட பிறகு நான் கல்லுமலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி நடராஜாவைப் போய்ப் பார்த்தேன். ஆள் அனுப்பும் ஏற்பாடெல்லாம் அவர் பொறுப்பில் இருக்கிறது. அவர் என்னை ஆபீசுக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்தி, "போனவங்க எல்லாம் சௌக்கியமா இருக்காங்கன்னு மேலேருந்து சொல்லியிருக்காங்க. நீங்க கோப்பி ஆத்துற வேலையப் பாருங்க லா" என்றார். அய்யாவை வந்து ஒரு தடவை பாருங்கள் என்று கூப்பிட்டேன். பார்த்துவிட்டால் பிறகு பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது என்று பதில் சொன்னார்.

அதன் பிறகு டவுனில் நமது வியாபாரிகள் கூடியபோது பேசினேன். எல்லாரும் கேட்டார்கள். ஒருவர் அழுதார். ஒன்றும் முடிவாகவில்லை. கூட்டம் கலைந்த பிறகு, அழுதவரே என்னை ஓரமாக அழைத்து, இனிமேல் தன் கடை வாசலில் நின்று இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அதன் பிறகு ரயிலேறி அலோர் ஸ்டாருக்குப் போனேன். அங்கே ஒரு ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருக்கும் தமிழர் ஒருவர் என்னை உட்கார வைத்து முழுவதும் கேட்டார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். எழுத்து மூலம் கொடுத்தால் மேலே அனுப்பலாம் என்றார். உடனே கொடுக்கிறேன் என்றேன். அதற்கு அவர், "வேண்டாம் பாய், எழுதிக் குடுத்தா என் மேசைக்கு வந்ததா ஆயிரும்" என்றார். பிறகு தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த வாழைப்பழத்தை எனக்குச் சாப்பிடக் கொடுத்தார். அதை நான் சாப்பிடவில்லை.

திரும்பி வந்தபோது அய்யாவுக்குக் காய்ச்சல் அதிகமாகியிருந்தது. இதற்குள் வெள்ளிக்கிழமை கல்லுமலைக்கு மறுபடி லாரி வரும், இந்தத் தடவை பெண்களையும் சேர்க்கப் போகிறார்கள் என்று கடைக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். நான் சொல்லி யாரும் அசையவில்லை, நீயே வந்து சொல்ல முடியுமா என்று அய்யாவிடம் கேட்டேன். வண்டி பிடித்தால் வருகிறேன் என்றான்.

புதன்கிழமை மாலை அவனை மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்துக் கல்லுமலைக்குக் கொண்டுபோனேன். கோயிலுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். வரிசை வீடுகளான லயங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பலருக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. அவன் வண்டியில் உட்கார்ந்தபடி, "யாரும் ஏறாதீங்க, ஏறாதீங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். ஓடி வந்தவன் தண்டனைக்குப் பயந்து கதை கட்டுகிறான் என்று ஒருவர் சொன்னார். பாய்க்கு இதில் என்ன லாபம் என்று இன்னொருவர் கேட்டார். எனக்குக் கோபம் வந்து, லாபம் வேண்டுமானால் நான் ஸ்டேஷனில் நின்று ஏறுகிறவர்களுக்குக் கோப்பி விற்பேன் என்று சத்தம் போட்டேன்.

அப்போது வள்ளியம்மை என்ற பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் புருஷன் வீரசாமி அய்யாவோடு ஒரே ரயிலில் போனவன். குழந்தை இல்லை. அவள் அய்யாவிடம், "அவரு எங்க? நீ மட்டும் எப்படி வந்த?" என்று கேட்டாள். நான் சொல்லச் சொல்லி அவனை வற்புறுத்தினேன். "நாந்தான் தூக்கிட்டுப் போனேன் தங்கச்சி. குழிகிட்ட வச்சப்போ தண்ணி கேட்டாரு. குடுக்க விடல" என்றான். வள்ளியம்மை அவனைப் பொய்யன் என்று சொல்லி, கீழே கிடந்த மண்ணை எடுத்து அவன்மேல் எறிந்தாள். மூன்று மாதத்தில் திருப்பி அனுப்புவதாகக் கிராணி ஐயா தன்னிடம் சொன்னார், அவர் படித்தவர், பொய் சொல்ல மாட்டார் என்றாள்.

அதற்கு மேல் பேச அய்யாவுக்குத் தெம்பில்லை. குனிந்து காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தான். முன்னால் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். எலும்பு தெரிந்தது. அதன் பிறகு ஒருவரும் லாபம் பற்றிக் கேட்கவில்லை. நாங்கள் சொன்ன எந்த வார்த்தையையும் நம்பாதவர்கள் அந்த நாற்றத்தை நம்பினார்கள்.

திரும்பும் வழியில், டவுன் வருவதற்குள் அய்யாவு வண்டியிலேயே இறந்துவிட்டான். மறுநாள் அவனுடைய வழக்கப்படி காரியம் செய்ய ஆள் தேடி, சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் எரித்தோம். எரியும்போது நான் கடைசி வரை நின்றேன். அவனுக்குத் தனிச் சிதை வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

இன்று காலை கல்லுமலைக்குப் போனேன். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் லாரிகள் நின்றன. கீழ் லயத்தில் கதவுகள் திறந்து கிடந்தன, ஆட்கள் இல்லை. மற்ற லயங்களிலும் பாதிக்கு மேல் இல்லை. அவர்கள் எங்கே போனார்கள், யார் சோறு போடுகிறார்கள், யார் படகு கொடுத்தார்கள் என்று இங்கே என்னைப் பல தடவை கேட்டார்கள். எனக்குத் தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். இதை நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளவும்.

நடராஜா கிராணி என்னைப் பார்த்து, "திருப்திதானே? இங்க ஆள் கொறைஞ்சா பக்கத்துத் தோட்டத்துல எடுப்பாங்க. அவங்க உங்க ஆளுங்க இல்லியா?" என்று கேட்டார். பக்கத்துத் தோட்டத்துக்கு நான் போகவில்லை; போக நாள் கிடைக்கவில்லை. அங்கிருந்து ஏற்றிய ஒரு லாரி என் கண் முன்னாலேயே ரோட்டில் போனது. பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள்.

அதன் பிறகு வள்ளியம்மை வருவதைப் பார்த்தேன். அவளை யாரும் இழுத்து வரவில்லை. தலை சீவி, ஒரு மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு தானாக நடந்து வந்தாள். மூட்டையில் ஆண்பிள்ளை வேட்டி ஒன்று வெளியே தெரிந்தது. நான் ஓடிப்போய், அய்யாவு சொன்னதை நீ நம்பவில்லையா என்று கேட்டேன். "நம்புறேன் நானா. தண்ணி கேட்டாருன்னு சொன்னான்ல. அப்போ உசுரு இருந்திருக்கு" என்றாள். நான் எவ்வளவோ சொன்னேன். அந்தக் குழியில் போட்டவர்கள் திரும்ப மாட்டார்கள் என்று வாய்விட்டே சொன்னேன். அவள் தன் விருப்பப்படி புருஷனைத் தேடிப் போக, லாரிப் பலகையில் கால் வைத்து ஏறிவிட்டாள். லாரி கிளம்பியது. அப்போதுதான் நான் அதற்கு முன்னால் போய் நின்றேன். பிரேக் போட்டார்கள். இறங்கி வந்து என்னை இழுத்துப் போட்டார்கள். அடித்தது பற்றி நான் புகார் கொடுக்கவில்லை. லாரி போய்விட்டது. என்னை இங்கே கொண்டுவந்தார்கள்.

வரும்போது ஸ்டேஷனில் சயாமுக்கு ஆள் ஏற்றிப் போகும் ரயில் நிற்பதைப் பார்த்தேன். இன்ஜின் இன்னும் மாட்டவில்லை. இங்கே வந்ததும் நான் முதலில் சொன்னது அதைத்தான். இரண்டு மாத்தா மாத்தா போலீஸ்காரர்களை அனுப்பி அந்தப் பெண் ஒருத்தியையாவது இறக்கி வாருங்கள், அதன் பிறகு கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன் என்றேன். முதலில் வாக்குமூலம் முடியட்டும் என்றார்கள். யாரிடம் சொன்னேன், எத்தனை பேர் கேட்டார்கள், யார் தூண்டினார்கள் என்றெல்லாம் காலையிலிருந்து கேட்கிறார்கள். சயாமில் நடந்தது உண்மையா என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

லாரியை ஏன் மறித்தாய் என்று கடைசியாகக் கேட்டார்கள். வேறு எதை மறிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பதிலை எழுதிக்கொண்டிருக்கும்போது ரயில் ஊதியது. வண்டி புறப்படும் சத்தம் இந்த அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

மேலே கண்டவற்றை எழுத்தர் பழனியாண்டி எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார். வள்ளியம்மை தன் விருப்பப்படி வேலைக்குப் போனதாக ஓரிடத்தில் எழுதியிருந்தது. 'வேலைக்கு' என்பதை அடித்துவிட்டு 'புருஷனைத் தேடி' என்று எழுதச் சொன்னேன். திருத்தியதைப் பார்த்த பிறகு, இதிலுள்ளது எல்லாம் நான் சொன்னதும் நடந்ததும்தான் என்று ஒப்பி, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) க. மீரா சாகிபு