அஞ்சு செகண்ட் லூப்

சுரங்க நகரியத்திலிருந்து மந்தாரக்குப்பம் போகும் சாயங்காலப் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் பாலிடெக்னிக் சீருடையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று சொன்னாள்:

“லேப்ல சார் கண்ணு முன்னாடியே புரோகிராம் முழுசையும் அழிச்சிட்டேன்டி.”

“பைத்தியமா உனக்கு? உன் பல்பு ஒண்ணுதான் ஒழுங்கா எரிஞ்சுதுனு சொன்னாங்களே!”

“அதான் அவருக்குப் பொறுக்கல. ரூம் இருட்டானா பல்பு தானா எரியணும். எவ்ளோ இருட்டுல எரியணும்னு எல்லாரும் புக்ல இருந்த நம்பரைப் போட்டாங்க, எரியல. நான் அஞ்சு செகண்ட் திரும்பத் திரும்ப அளக்குற லூப் போட்டேன். அதுக்குள்ள சென்சாரைக் கையால மூடிட்டு, அப்புறம் ஜன்னல் பக்கம் காட்டினா, அந்த ரூமோட இருட்டு எவ்ளோ, வெளிச்சம் எவ்ளோனு அதுவே அளந்துக்கும்.”

“பாராட்டலையா?”

“‘உங்கப்பா மைன்ஸ்ல கான்ட்ராக்ட் கூலிதானே, இதை யார் எழுதிக் குடுத்தது?’ன்னாரு.”

தோழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அழிச்சிட்டு, அவர் பக்கத்துலயே நின்னுகினு மறுபடியும் டைப் அடிச்சேன். ஒரு இடத்துல தப்பாப் போயி லூப் நிக்கவே இல்ல. பசங்க சிரிச்சாங்க. திருத்தினேன். ‘லைட்டை அணைங்க சார்’னேன். அணைச்சாரு. பல்பு எரிஞ்சுது.”

“அப்ப என்ன சொன்னாரு?”

“‘சரி, போய் உக்காரு’ன்னாரு. போகல. ‘இவளே எழுதினதுனு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க சார்’னு நின்னுகினே இருந்தேன்.”

“சொன்னாரா?”

“மெதுவாச் சொன்னாரு. கடைசி பெஞ்சுக்குக் கேக்கல சார்னு, இன்னொரு வாட்டி சொல்ல வெச்சேன்.”