பூசைக்குக் கொடுத்த பெயர்

நவம்பர் 15, சனிக்கிழமை. காலையில் சட்டைகளை இஸ்திரி போட்டு மாட்டினேன். வழக்கம்போல் கிங்ஸ்பரி கடைத்தெருவில் மரக்கறி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். முன் இருக்கையில் ஒரு அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த அமெரிக்க நடிகை சாக முதலே அம்மா அவவுக்குப் பூசை வைச்சிட்டா," என்றாள் தங்கை.

"ஆர், சின்னனில சவர்க்கார விளம்பரத்தில வந்து, பிறகு டிவி நாடகத்தில கனகாலம் டொக்டரா நடிச்சவவோ?"

"ஓம். நாடகத்தில அந்த டொக்டர் செத்துப் போனா. அம்மா உண்மையெண்டு நினைச்சு, அழுதுகொண்டு போய்ப் பாதரிட்ட நடிகையின்ர பேரைக் குடுத்திட்டா. அவரும் செத்த ஆக்களின்ர பேரோட சேர்த்துப் பூசையில வாசிச்சார். அடுத்த நாள் நியூஸில சொல்லுறாங்கள், நடிகை செத்திட்டாவாம்."

அக்கா சிரித்தாள். "அப்ப என்ர மனேஜரின்ர பேரையும் அம்மாவிட்டச் சொல்லு."

"சிரிக்காத அக்கா. நேற்று உன்ர பேரைக் குடுத்திருக்கிறா. ஏனெண்டு கேட்டா ஒண்டும் சொல்லுறா இல்லை."

அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டுத் தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"பாதர் வாசிச்சிட்டாரோ?"

"நாளைக்குத்தான் வாசிப்பார்."

அக்கா மணியை அழுத்தினாள். "இறங்கு. இப்பவே அவரிட்டப் போவம்."

அவர்கள் இறங்கி எதிரே இருந்த தேவாலயத்துக்குள் போனார்கள்.

மறுநாள் காலை, சைவனான நான் முதல் வேலையாக அந்தத் தேவாலயத்துக்குப் போய், சகோதரிகளுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். அவர்களுக்கு நடுவில் தாய் இருந்தார். பாதர் இறந்தவர்களின் பெயர்களை வாசித்து முடித்ததும் அக்காவின் தோள்கள் தளர்ந்தன. அவள் பெயர் வரவில்லை.

தாய் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"தம்பி, உங்கட பேர் என்ன?"