மேசையைத் தட்டிவிட்டு ஏற்றுபவர்

இவ்வழக்கில் எதிர்மனுதாரர் நான்தான். வயது நாற்பத்து நான்கு. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. துணிக்கடைக்கு மேலே பின்பக்க வீட்டில் குடியிருக்கிறேன். விவாகரத்து கோரியுள்ள மனுதாரர் என் மனைவி. தையல் வேலை செய்பவர், தற்போது தம்பி வீட்டில் இருக்கிறார். மனுவுக்குச் சம்மதமா என்று நீதிமன்றத்தில் கேட்டதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல இயலாததால் நடந்ததைச் சொல்கிறேன்.

ஞாயிறு மதியங்களில் நானும் மனைவியும் அவருடைய தம்பியான என் மைத்துனரும் எங்கள் வீட்டில் போக்கர் ஆடுவோம். காசு வைத்து ஆடியதில்லை, மனைவியின் டப்பாவிலுள்ள சட்டைப் பொத்தான்களை வைத்துத்தான். இந்த ஆட்டத்தில் தன் முறை வரும்போது பந்தயம் கட்டாமல் மேசையைத் தட்டிவிட்டுச் சும்மா இருக்கலாம். அடுத்தவர் கட்டிய பிறகு, தட்டியவரே அதற்கு மேல் ஏற்றவும் செய்யலாம். அதற்குச் செக்-ரெய்ஸ் என்று பெயர். மனைவி அதில் கெட்டிக்காரர். விரலால் இருமுறை தட்டிவிட்டு, சட்டைக் கையில் நூல் பிரிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். நான் நம்பிக் கொஞ்சம் பொத்தான் வைத்ததும் ஒரு கைப்பிடி அள்ளி நகர்த்துவார். புலி பதுங்குவது பாய்வதற்குத்தானே என்று நான் உடனே சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்தை விட்டுவிடுவேன். சமமாகக் கட்டினால் சீட்டைக் காட்டச் சொல்லலாம்; எதிராளி கவிழ்த்துவிட்டால் ஜெயித்தவர் காட்ட வேண்டியதில்லை. அவரும் காட்டாமல், சிரித்துக்கொண்டே கட்டோடு சேர்த்துக் கலைத்துவிடுவார். மைத்துனர் ஏற்றினால் காது சிவப்பதை வைத்தே கையில் நல்ல சீட்டில்லை, பொய் என்று சொல்லிவிடுவேன். மனைவி ஏற்றினால் அது உண்மை என்பது என் கணிப்பு.

சென்ற மழைக்காலத்தில் கம்பெனியில் என்னை வேறு ஊர்க் கிளைக்கு மேற்பார்வையாளராகப் போகச் சொன்னார்கள். போகலாமா என்று மனைவியிடம் கேட்டதற்கு, உங்கள் இஷ்டம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் காலர் தைத்துக்கொண்டிருந்தார். அதை நம்பி மறுநாள் சரி என்று ஒப்புக்கொண்டு வந்து சொன்னேன். அதன் பிறகு அவர் மெஷினை நிறுத்திவிட்டு, "அப்ப நீங்க போங்க. நான் தம்பி வீட்டுக்குப் போறேன். இனிமே சேந்து இருக்க வேண்டாம்" என்றார். முன்பு தட்டினார், இப்போது ஏற்றுகிறார் என்று எனக்குப் பட்டது. முடிவெடுக்காமல் ஏற்றுகிறவர் அல்ல என்று நினைத்து, ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லாமல் சரி என்றேன். அதன் பிறகு அவருடைய தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டு, நானே படியில் இறக்கி, வண்டியில் வைத்துக் கட்டினேன். வண்டி கிளம்பும்வரை அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு எனக்கு அந்த ஊருக்குப் போக மனம் வராமல் மறுத்துவிட்டேன். மெஷின் நின்ற இடத்தில் தரையில் நான்கு கால்களின் தடம் இருக்கிறது, அங்கே ஒரு நாற்காலிகூடப் போடவில்லை. பொத்தான் டப்பாவை அவர் எடுத்துச் செல்லவில்லை. வேலைக்குப் போன கட்டடத்தில் எங்காவது தையல் மெஷின் ஓடினால் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறேன். அவர் இல்லாமல் வீடு வீடாக இல்லை என்பதையும் பதிவு செய்துகொள்ள வேண்டுகிறேன்.

மனுவின் நகல் கிடைத்த பின் மைத்துனர் என்னைப் பார்க்க வந்தார். உன் அக்காவின் செக்-ரெய்ஸ் ஒருநாளும் பொய்த்ததில்லையே, நான் என்ன செய்ய என்றேன். அதற்கு அவர், "மாமா, நான் அவ பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். பாதி நேரம் கையில ஒண்ணுமே இருக்காது. இந்த மனுஷன் ஒரு தடவையாவது காட்டுன்னு கேக்க மாட்டாரான்னு அவளே சொல்லுவா" என்றார். அதன் பிறகு யோசித்துப் பார்த்ததில், மனைவி ஏற்றிய ஆட்டங்களில் அவருடைய சீட்டை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பது விளங்கியது. பார்க்காத சீட்டை வைத்துத்தான் அத்தனை வருடமும் கணித்திருக்கிறேன்.

ஆகவே மனுவுக்குச் சம்மதமில்லை. இந்த முறை நான் கவிழ்க்கவில்லை. அவர் கையில் இருப்பது மெய்யாகவே பிரிவுதான் என்றால் என் முகத்துக்கு நேரே காட்டட்டும், ஏற்றுக்கொள்கிறேன்.

இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டியபோது, எதிரே உட்கார்ந்திருந்த மனுதாரர் மேசையை விரலால் இருமுறை தட்டினார். அதற்கு என்ன பொருள் என்று என்னைக் கேட்டார்கள். அவர் இன்னும் எதுவும் கட்டவில்லை, இப்போது ஆட வேண்டிய முறை என்னுடையது என்றேன். அதன் பிறகு அவரைப் பார்த்து, "வீட்டுக்கு வா. நான் எங்கயும் போகல" என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

மேலே உள்ளவை யாவும் என் வாயால் சொன்னவை, உண்மை. வாசிக்கக் கேட்டுச் சரியென ஒப்புகிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

(ஒப்பம்) எதிர்மனுதாரர்