மேல் போல்ட்டு அசையவில்லை

“புது ஆயில் ஊத்துற மேல் போல்ட்டு கழலுமான்னு பாக்காம யாராவது உள்ள இருக்கற ஆயிலை வடிப்பாங்களா?”

தாம்பரம் தாண்டிய மின்சார ரயிலில், பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் தன் கணவரைக் கேட்டார். கணவருக்கு வெள்ளைச் சட்டை, விரலெல்லாம் கறுப்பு.

“கீழ் போல்ட்டு ஈசியா கழண்டுச்சும்மா. மேல் போல்ட்டு துருப்பிடிச்சு அசையவே மாட்டேங்குது. சக்கரத்தைச் சுத்த வைக்கிற டிஃபரென்ஷியல்ல ஆயில் இல்லாம வண்டியை எடுத்தா பல்சக்கரமெல்லாம் தேஞ்சிடும்.”

“பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வேணாம்னு அப்பா அப்பவே சொன்னாரு.”

“உன் தங்கச்சி நிச்சயதார்த்தத்துல என் மானத்தை வாங்கிடாத. ரயில்ல வர்றோம்னு அவருகிட்ட சொல்லாத.”

அந்தப் பெண்ணின் போன் அடித்தது. அப்பாதான்.

“கார்லதான்ப்பா வந்துட்டிருக்கோம்.”

குரோம்பேட்டை நடைமேடையில், ‘கடற்கரை வரை செல்லும் மின்சார ரயில்’ என்று ஒலிபெருக்கி அலறியது.

அந்தப் பெண் அசரவில்லை. “உங்க மாப்பிள்ளை வண்டிக்குப் புது ஸ்பீக்கர் போட்டிருக்காருப்பா.”