துண்டுக்குள் பதினொன்று

டீயில் சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி மேடம். ஆனாலும் ஸ்டேஷன் டீ என்ற அளவில் கௌரவமான டீதான். ரைட்டர் அண்ணனை நிதானமாகவே எழுதச் சொல்லுங்கள். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

பெயர் தனசேகரன். கள்ளக்குறிச்சியில் புளி, கடுக்காய் மண்டி. அப்பா ராமசாமி மாட்டுத் தரகர். சந்தையில் அவர் வாயைத் திறந்து விலை சொல்லி யாரும் கேட்டதில்லை. வாங்குகிறவன் கையை இழுத்துத் துண்டால் மூடிவிடுவார். உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேரம். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கை முழுவதும் பிடித்தால் ஐந்து. சுற்றி இருபது பேர் நின்றாலும் உள்ளே நடந்தது இரண்டு பேருக்குத்தான் தெரியும். பிற்பாடு ஒருவன் மறுத்தால் சாட்சிக்குத் துண்டைத்தான் கூப்பிட வேண்டும்.

நீங்கள் விபத்து என்று எழுதி வைத்திருக்கும் இளஞ்செழியன், நைனார்பாளையத்துக்காரன். என் மண்டிக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். 'உப்புக்காற்று' என்ற புதுச்சேரி பேண்டை அவனுக்குக் காட்டியவன் நான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், முக்கியம். புரோக்ரசிவ் மெட்டல் என்பார்கள். உங்களுக்கு இரைச்சலாகத்தான் கேட்கும். சினிமாப் பாட்டு பெரும்பாலும் நாலு நாலு அடியாக நடக்கும். இவர்கள் ஏழில் நடப்பார்கள், சொல்லாமல் கொள்ளாமல் ஒன்பதுக்குத் தாவுவார்கள். அடி எங்கே மாறுகிறது என்று தெரிந்தவனுக்குத்தான் அது பாட்டு.

ஒன்பது வருடம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரே இயர்போனில் ஆளுக்கு ஒரு காது. மடியில் அப்பாவின் துண்டு. அடி மாறும்போது எத்தனை என்று உள்ளே விரல் பிடிப்போம். அவர்களுக்குப் பத்தொன்பது நிமிடப் பாட்டு ஒன்று உண்டு. அதன் கடைசித் திருப்பத்தில் நான் இரண்டு முறை முழுக் கை, பிறகு ஒரு விரல் என்று பதினொன்று பிடிப்பேன். அவனும் பதினொன்று பிடிப்பான். அந்த எண்ணிக்கை உலகத்தில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

போன டிசம்பரில் அவர்கள் கச்சேரிக்கு நம் பக்கத்து வெள்ளிமலைக்கே வந்தார்கள். காபித் தோட்டத்துக்காரர் ஒருவரின் ஏற்பாடு. வெளிச்சம் போவதற்குள் முடிக்க வேண்டும் என்று மத்தியானம் இரண்டு மணிக்கே தொடங்கிவிட்டார்கள். நாங்கள் முன்வரிசை. முதல் அடி விழுந்தபோது என் சட்டைப் பொத்தான் அதிர்ந்தது. ஒன்பது வருடம் காதில் கேட்டதை அன்றைக்குத்தான் நெஞ்செலும்பில் கேட்டேன். அழுதேன் மேடம். அவனும் அழுதான். எங்கள் கை துண்டுக்குள்தான் இருந்தது. அவ்வளவு பிரியமாக அந்தக் கையை நான் பிடித்ததில்லை. அதையும் எழுதுங்கள்.

அந்தப் பத்தொன்பது நிமிடப் பாட்டின் கடைசித் திருப்பத்துக்கு முன்னால் டிரம்ஸ் வாசிக்கும் மணிமொழி வாசிப்பை நிறுத்தி மைக்கை எடுத்தார்.

"அடுத்த எடத்துல எத்தினி அடின்னு யாருக்காச்சும் தெரியுங்களா?"

நான் பதினொன்று என்று கத்தினேன். இருநூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நெறைய பேரு அப்படித்தான் சொல்றாங்க" என்று அவர் சிரித்தார்.

என் பக்கத்திலிருந்து செழியன், "பதிமூணுங்க" என்றான். "கடைசி ரெண்டு சிம்பல் தட்டுல மெதுவா வுழும். சட்டுனு காதுல ஏறாது."

மணிமொழி மேடையை விட்டு இறங்கிவந்து தன் கையிலிருந்த குச்சியை அவனிடம் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வண்டி எடுக்கும்போது அவனைக் கேட்டேன், எப்போதிலிருந்து தெரியும் என்று.

"மொத வாரத்துலேர்ந்தேடா. நீ பதினொண்ணு புடிச்ச. ஆசையா புடிக்கிறானே, வுடுன்னு நானும் அதையே புடிச்சேன்." என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "இன்னாடா, உன் மண்டிக் கடுக்காயையே மென்ன மாதிரி நிக்கிற?"

பேரத்தில் தோற்பது சகஜம். ஜெயித்ததாக நினைத்த ஒன்பது வருடமும் எதிராளி இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தது என்று தெரிந்தால், அதற்கு எங்கள் வீட்டில் பெயரே கிடையாது.

நாலரை மணிக்கு இறங்கினோம். மலை முழுக்கப் பனிமூட்டம். பைக் அவனுடையது, ஓட்டியதும் அவன்தான்.

"கண்ணாடியெல்லாம் நனைஞ்சி ஒண்ணும் தெரியலடா. நீதான வாரா வாரம் கடுக்காய்க்கு வந்துகினு கீற, நீயே வழி சொல்லு."

காற்றில் பேச்சு கேட்காது. அதனால் கையால் சொன்னேன். இடது தோளை அழுத்தினால் இடப்பக்கம் வளைவு, வலது தோள் என்றால் வலம், இரண்டையும் பிடித்தால் நேர் ரோடு. அந்தக் குச்சியை அவன் இடுப்பில் பின்பக்கமாகச் செருகியிருந்தான். ஒவ்வொரு வளைவிலும் அது என் வயிற்றில் குத்தியது. எட்டு வளைவுக்குச் சரியாகச் சொன்னேன். ஒன்பதாவது வளைவில் தடுப்புச் சுவர் இடிந்திருப்பது எனக்குத் தெரியும். அங்கே இரண்டு தோளையும் பிடித்தேன்.

அவன் சந்தேகப்படவில்லை. ஆக்சிலேட்டரைத் திருகினான். நான் பின்பக்கமாக நழுவி இறங்கிக்கொண்டேன். முழங்காலில் சிராய்ப்பு, அன்றைக்கே உங்களிடம் காட்டினேன். கீழேயிருந்து இரண்டு முறை என் பெயரைக் கூப்பிட்டான். பிறகு கூப்பிடவில்லை. இறங்கிப் பார்த்திருக்கலாம். கோமுகி அணை வரைக்கும் நடந்துபோய் அங்கிருந்துதான் போன் செய்தேன்.

கொலை என்றே எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. நீங்களாகக் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள். நான் வந்தது அந்தக் குச்சிக்காக. உங்கள் பீரோவில் இருக்கிற அதை நாளைக்கு அவன் மனைவி எழில்மதியிடம் ஒப்படைக்கப் போகிறீர்களாமே. அந்த அம்மாவுக்கு ஏழுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. முறைப்படி அது எனக்குச் சேர வேண்டியது. அன்றைக்கு மணிமொழி தப்பான ஆளிடம் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

இதோ அன்றைக்குக் கச்சேரியில் எடுத்த வீடியோ. நாற்பது தடவை எண்ணிவிட்டேன். இந்த இடம்தான். ரைட்டர் அண்ணன், நீங்களே எண்ணி எழுதுங்கள்.

பார்த்தீர்களா மேடம், பதிமூன்று என்று எழுதுகிறார். இவருக்கும் எண்ணத் தெரியவில்லை.